கெட்டுப்போகாத இரத்தம்

லூர்தம்மாவின் இரத்தம் கெட்டுப்போய்விட்டது என்று என் கையால் எழுதினேன். அது கெட்டுப்போகவில்லை. இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் அந்த வரியை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. எழுதச் சொன்னவர் மேல் கோபம், பக்கத்தில் நின்று பார்த்தவர் மேல் கோபம், எழுதிய என் மேல் அதைவிடக் கோபம். ஆய்வுகூட வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் பாராட்டு வாங்கிய கதைகளையும் எழுதலாம். அவற்றை எழுத ஓய்வுபெற்ற வேறு பலர் இருக்கிறார்கள். நான் இதை எழுதுகிறேன்.

நான் கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் இருந்து படித்து, கொழும்பில் பயிற்சி முடித்து, இரண்டாயிரத்துக்குப் பிறகு மலைநாட்டில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்துக்கு வந்தேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். எங்கள் பகுதிக்குத் தலைவராக யாழ்ப்பாணத்தவர் ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரைப் பெரியவர் என்போம். குரலை உயர்த்தாத மனிதர். ஒரு துளி இரத்தத்தைக்கூட வீணாக்க விடமாட்டார்.

நான் சேர்ந்த இரண்டாம் வருடம் கொழும்பிலிருந்து ஒரு டொக்டர் ஆராய்ச்சிக்காக வந்தார். உடல் பருமனுக்கும் இதய நோய்க்கும் இடையில் இரத்தத்தில் என்ன நடக்கிறது என்பது அவருடைய விஷயம். நல்ல விஷயம்; அதை இன்றைக்கும் சொல்வேன். உடம்பில் சேரும் கொழுப்பு சும்மா கிடக்கும் மூட்டை இல்லை. அதுவும் ஹோர்மோன் சுரக்கிறது. போதும், சாப்பாட்டை நிறுத்து என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் பருத்தவர்களின் இரத்தத்தில் ஏறிக் கிடக்கும். ஆனால் உடம்பு அதன் பேச்சைக் கேட்காது. இரத்தக் குழாய்களுக்கு நன்மை செய்யும் அடிப்போனெக்டின் குறைந்துபோகும். அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி என்ற புரதம் கூடும். காய்ச்சல் இருக்காது, புண் இருக்காது, உள்ளே மட்டும் ஏதோ மெல்லப் புகைந்துகொண்டிருக்கும். அந்தப் புகைச்சல் இதயத்துக்குப் போகும் குழாய்களைக் கெடுக்கிறது. இதையெல்லாம் முதன்முதலில் எனக்கு விளங்கும்படி சொன்னவர் அந்த டொக்டர்தான். அதை மறைக்க மாட்டேன்.

இதய நோயுள்ள பருத்தவர்கள் ஒரு பக்கம், நோயில்லாத மெலிந்தவர்கள் மறுபக்கம். இரண்டு பக்கத்தின் இரத்தத்தையும் ஒப்பிடுவது அவர் திட்டம். நோயாளிகள் எங்கள் கிளினிக்கில் கிடைத்தார்கள். நோயில்லாதவர்களுக்கு எங்கே போவது? நோயாளிகளோடு துணைக்கு வந்திருந்த தோட்டத்துப் பெண்களை அவர் பார்த்தார்.

"நாள் முழுக்க மலை ஏறி இறங்குறவங்க. இவங்களுக்கு எப்படி ஹாட் வருத்தம் வரும்? இதைவிட நல்ல ஆரோக்கியமான குழு எனக்கு எங்கேயும் கிடைக்காது" என்றார்.

நான் சிரித்துத் தலையாட்டினேன். என் அம்மாவும் அப்படி மலை ஏறி இறங்கியவள்தான். எங்கள் வறுமையை அந்த மனிதர் ஆரோக்கியம் என்று எடுத்துக்கொள்கிறார் என்பது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

பூண்டுலோயாவுக்கு மேலே இருக்கும் ஒரு தோட்டத்திலிருந்து சவரிமுத்து வந்திருந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர், பருத்த உடம்பு, ஒருமுறை மாரடைப்பு வந்து தப்பியவர். அவரோடு துணைக்கு வந்தவர் அவருடைய மனைவி லூர்தம்மா. வயது நாற்பத்தைந்து இருக்கும். கொழுந்து எடுப்பவர். ஆராய்ச்சிக் குழு இருவரையும் வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தது. முதல் பஸ்ஸைப் பிடித்து ஏழரைக்கே வந்து மர வாங்கில் உட்கார்ந்துவிட்டார்கள். குழு வந்து சேர்ந்தபோது பதினொன்று. கேட்டதற்கு வழியில் ரம்பொடையில் காலைச் சாப்பாட்டுக்கு நின்றதாகச் சொன்னார்கள்.

லூர்தம்மாவின் உயரத்தையும் நிறையையும் எடுத்து டொக்டர் ஒரு கணக்குப் போட்டார். அந்தக் கணக்கின்படி அவர் மெலிந்தவர். ஆனால் இரத்தம் எடுக்க நான் அவருடைய ஸ்வெட்டர் கையை மேலே தள்ளியபோது பார்த்தேன். கைகள் இரண்டும் குச்சி. வயிறு மட்டும் முன்னுக்குத் தள்ளிப் பெருத்திருந்தது. இடுப்பை அளக்கும் நாடா மேசையிலேயே கிடந்தது. நோயாளிகளுக்கு மட்டும்தான் அதை எடுத்தார்கள்.

"மூச்சு வாங்குதா அக்கா?" என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"ஏத்தத்துல கூடையோட போறப்ப நெஞ்ச யாரோ புடிச்சு முறுக்குற மாதிரி இருக்கும் மிஸ். செத்த நின்னா போயிரும். தோட்டத்து டிஸ்பென்சரில கேட்டேன். வாய்வுன்னு வெள்ளத் தண்ணி மருந்து குடுத்தாங்க."

இதை டொக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் படிவத்தைப் புரட்டிக்கொண்டே, "சீனி இல்லை, பிரஷர் இல்லைன்னு சொல்றாங்க. நிறையும் சரி. வாய்வாகத்தான் இருக்கும்" என்றார். சீனி இல்லை என்று லூர்தம்மா சொன்னது, ஒருவரும் ஒருநாளும் பார்க்காததால். அதை நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இரத்தம் கொடுத்த நோயில்லாதவர்கள் எல்லோருக்கும் ஆஸ்பத்திரி முத்திரை குத்திய ஓர் அட்டை கொடுத்தார்கள். பெயர், ஓர் எண், கீழே ஆங்கிலத்தில் 'ஆரோக்கியமானவர்' என்ற ஒரு சொல். அடுத்த தடவை அடையாளம் காண்பதற்கு மட்டும்தான் அது. லூர்தம்மா அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்.

"நீங்க நல்ல ஆளுன்னு போட்டிருக்கு அக்கா" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே புருஷனிடம் காட்டினார். "பாத்தீங்களா? வீட்டுல ஒரு ஆளாச்சும் நல்லா இருக்கு."

நான் எடுத்த இரத்தத்தைச் சுழற்றிப் பிரித்து, மேலே நின்ற தெளிந்த நீரை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சிவப்பணுக்கள் உடைந்திருந்தால் அது சிவந்து காட்டும். பயன்படாது. லூர்தம்மாவுடையது வெளிறிய மஞ்சளாகத் தெளிந்திருந்தது. பதிவேட்டில் மாதிரியின் நிலை என்ற நிரலில் 'நன்று' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். மாதிரிகள் ஐஸ் பெட்டியில் கொழும்புக்குப் போயின.

இரண்டு மாதம் கழித்து முடிவுகள் வந்தன. டொக்டர் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்தார். முகம் சரியில்லை.

"இந்த ஒரு ஆள்தான் எல்லாத்தையும் குழப்புது" என்று பட்டியலில் ஓர் எண்ணைத் தொட்டார்.

லெப்டின் கூட. அடிப்போனெக்டின் குறைவு. சி.ஆர்.பி கூட. பருத்த நோயாளிகளின் வரிசையில் இருக்க வேண்டிய இரத்தம், மெலிந்த நல்லவர்களின் வரிசையில் இருந்தது. பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். லூர்தம்மாவின் எண். சவரிமுத்துவின் முடிவை விட அவருடையது மோசம்.

"தொற்று ஏதும் இருந்திருக்குமோ?" என்று கேட்டேன்.

"தொற்று என்று தள்ளுறதுக்கு ஒரு எல்லை வச்சிருக்கிறம். இது அதைத் தாண்டேல்ல. மற்றபடி தள்ளுறதுக்கு ஒரு காரணமும் இல்ல." பட்டியலை மடித்தார். "மாதிரி உடைஞ்சிருக்கலாம். நீங்க கவனிக்காம விட்டிருக்கலாம்."

"இல்ல டொக்டர். நான் பார்த்தேன். தெளிவா இருந்துச்சு."

"மிஸ், நல்லவங்க பக்கத்தில எனக்கு இருக்கிறதே பத்துப் பன்னிரண்டு பேர். இந்த ஒரு ஆளால வித்தியாசமே காணாமப் போகுது. ஒரு சொல்லை மாத்தி எழுதுறதுதானே."

இந்த இடத்தில் நீங்கள் நிதானிக்க வேண்டும். ஒரு சி.ஆர்.பி முடிவை வைத்து ஒருவருக்கு இதய நோய் என்று யாரும் சொல்ல முடியாது. பல்லில் சீழ் இருந்தாலும் கூடும், மூட்டு வீங்கினாலும் கூடும். டொக்டர் அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். இன்னொரு முறை இரத்தம் எடுத்திருக்கலாம். நெஞ்சை யாரோ முறுக்குகிறார்கள் என்று அவர் சொன்னதை நினைத்துப் பார்த்திருக்கலாம். ஒன்றும் தெரியாவிட்டால், தெரியவில்லை என்று எழுதியிருக்கலாம். நேர்மையான வழி நாலைந்து இருந்தது. ஒரு ஆளைக் காணாமலாக்கும் வழியை அவர் தேர்ந்தெடுத்தார்.

பெரியவர் தன் மேசையிலிருந்து எழுந்து வந்தார். டொக்டர் வெளியே போகும்வரை காத்திருந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"பிள்ளை, ஒரு வரிதானே. எழுதி விடும். எங்கட மெசின் கிடக்கிற நிலை உமக்குத் தெரியும்தானே."

தெரியும். இரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் எங்கள் இயந்திரம் அரைநாள் ஓடினால் அரைநாள் நிற்கும். அது நின்ற நாட்களில் தோட்டத்திலிருந்து மூன்று மைல் நடந்து வந்தவர்களை நாளைக்கு வாருங்கள் என்று திருப்பி அனுப்பியிருக்கிறோம். ஆராய்ச்சி முடிந்ததும் குழுவின் புது இயந்திரத்தை எங்களுக்கே விட்டுப்போவதாகப் பேச்சு. பெரியவர் தனக்காக எதையும் கேட்கவில்லை. அதுதான் என்னை மடக்கியது. கெட்டவர்கள் கெட்ட காரணத்துக்காகக் கேட்டால் முடியாது என்று சொல்வது சுலபம். நல்லவர் ஒருவர் நல்ல காரணத்துக்காகக் கேட்கும்போது என்ன செய்வீர்கள் என்று இப்போதே யோசித்து வையுங்கள். அந்த நேரத்தில் யோசிக்க நேரம் கிடைக்காது.

'நன்று' என்பதை வெட்டி, 'சிவப்பணுக்கள் உடைந்தவை; பயன்படாது' என்று எழுதினேன். பக்கத்தில் கையெழுத்து வைத்தேன். அரை நிமிட வேலை. எழுதிவிட்டுப் போய் தேத்தண்ணி குடித்தேன்.

லூர்தம்மாவுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆராய்ச்சி முடிவுகளைக் கலந்துகொண்டவர்களுக்குக் கொடுப்பதில்லை என்பது அவர்களுடைய விதி. நான் ஒரு தபாலட்டை போட்டிருக்கலாம். சவரிமுத்து கிளினிக்குக்கு வரும் நாளில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கெட்டுப்போனது என்று எழுதிய இரத்தத்தைப் பற்றி எப்படிப் பேசுவது? பொய் சொன்ன வாய்க்கு அதற்குப் பிறகு உண்மை சொல்லவும் வழி கிடைப்பதில்லை.

அதற்குப் பிறகு மூன்று வாரம் இருக்கும். மத்தியானம் ஒரு மணி. சாப்பிட வெளியே வந்தவள் நடைபாதை வாங்கில் லூர்தம்மாவைக் கண்டேன். சுவரில் சாய்ந்திருந்தார். மலைக்குளிரில் மற்றவர்கள் எல்லாம் காதை மூடிக்கொண்டிருக்க, அவர் நெற்றியில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு மருந்துப் போத்தல்; வெள்ளை மருந்து.

"என்ன அக்கா? எப்ப வந்தீங்க?"

"பத்து மணிக்கு மிஸ். தோட்டத்து லொறில ஏத்தி விட்டாங்க. மலையில நிக்கிறப்பவே முறுக்க ஆரம்பிச்சிருச்சு. இன்னும் விடல. கையெல்லாம் இழுக்குது."

"டொக்டர் பாத்தாரா?"

"பாத்தாங்க. வாய்வுன்னு சொன்னாங்க. லொறி திரும்ப வர்ற வரைக்கும் ஒக்காருன்னு சொன்னாங்க." இடது கையைச் சிரமப்பட்டு மடியில் விட்டு, பொலித்தீனில் சுற்றிய ஒன்றை எடுத்துக் காட்டினார். "நா பயந்துதான் வந்தேன். இதக் காட்டுனேன். அப்புறந்தான் ஒண்ணும் இல்லன்னாங்க."

முத்திரை குத்திய அந்த அட்டை.

நான் ஓடினேன். வெளிநோயாளர் பிரிவில் இருந்தவர் புதிதாக வந்த இளம் டொக்டர். வாசலில் நூறு பேர் நின்றிருந்தார்கள். காலையிலிருந்து அவர் எழுந்திருக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. வெளியே இருக்கும் அம்மாவுக்கு ஈ.சி.ஜி எடுக்க வேண்டும் என்றேன். நிமிர்ந்து பார்க்காமலே பதில் சொன்னார்.

"மெலிஞ்ச பொம்பளை. இதய ஆராய்ச்சியில ஆரோக்கியமானவர் என்று அட்டையே இருக்கு. நீங்க லெப்ல உங்க வேலையைப் பாருங்க."

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. முத்திரையோடு ஓர் அட்டையை நீட்டினால் யாரும் நம்பத்தான் செய்வார்கள். அதை நம்ப வைத்தது நாங்கள். அந்த நிமிடத்தில் எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான் இருந்தது.

"அந்த அட்டை பொய் டொக்டர். அவங்க ரத்தம் மோசமாத்தான் வந்துச்சு. ரத்தம் கெட்டுப்போச்சுன்னு நான்தான் பொய் எழுதினேன்."

அறையில் இருந்த தாதியும் நோயாளிகளும் திரும்பிப் பார்த்தார்கள். டொக்டர் பேனாவை வைத்தார். எழுந்து என்னைத் தாண்டி வெளியே ஓடினார்.

ஈ.சி.ஜி தாளைப் பார்த்ததும் அவர் உதட்டைக் கடித்தது நினைவிருக்கிறது. மாரடைப்பு. அடைத்த இரத்தத்தைக் கரைக்கும் மருந்தை ஏற்றினார்கள். பின்னேரம் கண்டிக்கு அனுப்பினார்கள். உயிர் தப்பியது. ஆனால் பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் நடுவில் இதயத்தின் ஒரு பகுதி செத்துவிட்டது. கண்டியில் சீனியும் பார்த்தார்கள். கண்டபடி இருந்தது.

விசாரணை நடந்தது. கொழும்பிலிருந்து டொக்டர் ஒரு கடிதம் அனுப்பினார். மாதிரிகளின் தரத்தைத் தீர்மானித்தது முழுக்க ஆய்வுகூட ஊழியர்தான், தனக்கு அதில் எந்தத் தொடர்பும் இல்லை என்று எழுதியிருந்தார். படித்துக் காட்டியபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் கேளுங்கள்: அந்தக் கடிதத்தைப் பொய் என்று காட்ட என்னிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. அவர் வாயால் சொன்னார். நான் கையால் எழுதினேன். முடிவு வந்தபிறகு மாதிரியின் நிலையை மாற்றச் சொல்லி யாராவது உங்களிடம் வந்தால், எழுத்தில் தாருங்கள் என்று கேளுங்கள். கேட்டவுடன் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள்.

கடிதத்தைப் படித்து முடித்ததும் விசாரணைக்கு வந்தவர்கள் கோப்பை மூடப் போனார்கள். ஓரத்துக் கதிரையில் இருந்த பெரியவர் எழுந்தார். அவரை யாரும் கேட்கவில்லை.

"எழுதச் சொல்லேக்க நானும் அங்கதான் நிண்டனான். அந்தப் பிள்ளை மாட்டன் எண்டுதான் சொன்னவ. எழுதி விடும் எண்டு சொன்னது நான்."

அவருக்கு ஓய்வுபெற ஒரு வருடமும் இல்லை. அப்படி எழுந்து உண்மையைச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் டொக்டர் கேட்ட அன்றே சொல்ல வேண்டியதை விசாரணையில்தான் சொன்னார் என்ற கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. மரியாதையும் தீரவில்லை. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டுதான் வாழ்கிறேன்.

அவருக்கு எச்சரிக்கைக் கடிதம். எனக்கு வலப்பனைக்கு மாற்றம். கொழும்பு டொக்டருக்கு ஒன்றும் இல்லை. ஆராய்ச்சி வெளிவந்தது. பருத்த இதய நோயாளிகளுக்கும் மெலிந்த நல்லவர்களுக்கும் இடையில் வித்தியாசம் தெளிவாகத் தெரிவதாக அதில் இருந்தது என்று பின்னால் கேள்விப்பட்டேன். தெளிவாகத்தானே தெரியும், தெளிவைக் கெடுத்தவரை எடுத்துவிட்ட பிறகு? எங்கள் பெண்கள் நிறைக் கணக்கில் மெலிந்தும் வயிற்றில் பருத்தும் இருக்கிறார்கள், அந்தக் கணக்கு அவர்களுக்குப் போதாது என்பதை அந்த ஒரே மாதிரி சொல்லிக்கொண்டிருந்தது. அந்த ஆராய்ச்சியில் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமே அதுதான். அதைத்தான் நாங்கள் கெட்டுப்போனது என்று எறிந்தோம்.

வலப்பனைக்கு மாறி நாலு மாதம் இருக்கும். ஒரு முற்பகல் ஆய்வுகூட வாசலில் சவரிமுத்துவும் லூர்தம்மாவும் நின்றார்கள். எங்கே இருக்கிறேன் என்று பழைய ஆஸ்பத்திரியில் விசாரித்து, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்கள். லூர்தம்மா பாதியாகிப் போயிருந்தார். படி ஏறிய களைப்பில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கதிரையை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"ஒண்ணு கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன் மிஸ். அந்த அட்ட குடுத்தன்னைக்கு எடுத்த ரத்தம். அது மோசம்னு ஒங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சா?"

"தெரிஞ்சிருந்துச்சு அக்கா."

"எத்தன நாளா?"

"மூணு வாரம்."

சவரிமுத்து, "சரி விடு புள்ள" என்று அவர் தோளைத் தொட்டார். லூர்தம்மா அந்தக் கையை எடுத்துவிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"இவரு வெயிட்டக் கொறைக்கணும்னு ஒங்க கிளினிக்குல சொன்னாங்க. நா இவரு தட்டுல சோத்தக் கொறச்சேன். ரொட்டியக் கொறச்சேன். கொறச்சத வீணாக்குறதா? நாந்தான் தின்னேன் மிஸ். நாந்தானே நல்ல ஆளு. நீங்கதானே சொன்னீங்க."

அந்தச் சில மாதச் சோறு அவருக்கு மாரடைப்பைக் கொண்டுவந்திருக்காது. பல வருடமாக உள்ளே நடந்துகொண்டிருந்த விஷயம் அது. எனக்கு அது தெரியும். சொன்னேன்.

"அந்தச் சோத்தால இல்ல அக்கா. சத்தியமா இல்ல."

அவர் என்னை நேராகப் பார்த்தார்.

"இப்ப நீங்க சொல்றத நா எப்புடி மிஸ் நம்புறது?"

புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். நான் வாசலிலேயே நின்றேன். உள்ளே மேசையில் அன்றைய மாதிரிகள் பதினாறு வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் ஒட்டியிருந்தது. உள்ளே போய் முதலாவதைக் கையில் எடுத்து, அந்தப் பெயரை வாய்விட்டு வாசித்துவிட்டு வேலையைத் தொடங்கினேன்.